கூர்நோக்கு இல்லத்தில் கூர்ந்து நோக்க வேண்டியது எது?

நாளிதழ்களில் அடிக்கடி நம் கண்ணில் படும் செய்தி ஒன்று உண்டு. திருட்டு, அடிதடி, கொலை என ஏதேனும் ஒரு குற்றம். அதன் இறுதியில், "கைதான சிறுவன் கூர்நோக்கு இல்லத்தில் சேர்க்கப்பட்டான்" என்று ஒரே ஒரு வரி. செய்தி அத்துடன் முடிந்துவிடுகிறது. படிக்கிற நாமும், "காலம் கெட்டுவிட்டது" என்று பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

ஆனால், அந்தச் சிறுவனைப் பொறுத்தவரை உண்மையான கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்த இல்லத்தின் கதவுக்குப் பின்னால் அவனிடம் யார் பேசப் போகிறார்கள்? அவன் ஏன் அதைச் செய்தான் என்று யார் கேட்கப் போகிறார்கள்? அவன் உடலிலோ உள்ளத்திலோ நோய் இருந்தால் அதைக் கண்டறியப் போகிறவர் யார்? கண்டறிந்த பின் மருந்து கொடுக்கப் போகிறவர் யார்? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அவன் மனிதனாகத் திரும்பி வருவானா, முற்றிய குற்றவாளியாகத் திரும்பி வருவானா என்பது அமைகிறது.

இதை எழுதுகிறவன் மருத்துவனல்லன், வழக்கறிஞனுமல்லன். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன். வகுப்பில் பாடம் ஏறாமல் விழிக்கும் மாணவனுக்குக் காது மந்தமாக இருக்கலாம்; இரவு பட்டினி கிடந்திருக்கலாம்; வீட்டில் நடக்கும் சண்டையில் தூக்கம் கெட்டிருக்கலாம். பிரம்பை மட்டுமே நம்பும் ஆசிரியருக்கு இவற்றில் எதுவும் தெரிய வராது. பள்ளிக்கூடத்திற்குப் பொருந்தும் இந்த எளிய உண்மை, சட்டத்தின் கையில் சிக்கிய சிறுவனுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

சட்டம் சொல்வது என்ன?

பிள்ளைகளைப் பெரியவர்களுடன் ஒரே சிறையில் அடைக்கலாகாது என்னும் எண்ணம் நம் மாநிலத்திற்குப் புதிதன்று. 1920ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் சிறுவர் சட்டம் பிறந்துவிட்டது. பின்னர் 1986இலும் 2000இலும் நாடு முழுமைக்குமான சட்டங்கள் வந்தன. இப்பொழுது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். இது 2016 ஜனவரி 15 முதல் செயற்பாட்டுக்கு வந்தது.

18 வயது நிறையாத எவரும் இச்சட்டத்தின் பார்வையில் குழந்தையே. கைது செய்யப்பட்ட பிள்ளையைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நடுவரும், சமூகப் பணியாளர் இருவரும் கொண்டது இக்குழுமம். அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். விசாரணைக் காலத்தில் பிள்ளை தங்குமிடமே கூர்நோக்கு இல்லம். குற்றம் நிலைநாட்டப்பட்டால், குழுமம் அதிகபட்சமாக 3 ஆண்டுகள் வரை அவனைச் சிறப்பு இல்லத்திற்கு அனுப்பலாம். போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சை, மனநல சிகிச்சை, தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கும் உத்தரவிடலாம்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமையில் 18 வயது நிறையாத ஒருவனும் இருந்தான். "இவனுக்கு வெறும் 3 ஆண்டா?" என்று நாடே கொதித்தது. வயது வரம்பைக் குறைக்க வேண்டியதில்லை என்றே 2013இல் நீதிபதி வர்மா குழு கருத்துரைத்தது. ஆயினும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு புதிய வாசலைத் திறந்தது. குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டுகளாக உள்ள கொடுங்குற்றத்தை 16 வயது நிறைந்தவன் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்பதைக் குழுமம் ஆராய வேண்டும். இதற்கு "முதற்கட்ட மதிப்பீடு" என்று பெயர். அக்குற்றத்தைச் செய்வதற்கான மன வலிமையும் உடல் வலிமையும் அவனுக்கு இருந்தனவா, விளைவை உணரும் ஆற்றல் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் அது நிகழ்ந்தது என்பவற்றை 3 மாதங்களுக்குள் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டத்தின் 15ஆம் பிரிவு. "பெரியவனைப் போல விசாரிக்கலாம்" என்று முடிவானால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்திற்குச் செல்லும். 3 ஆண்டு என்னும் எல்லை அங்கே இல்லை.

ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் இந்த ஒரு மதிப்பீட்டில் தொங்குகிறது என்பது இப்பொழுது புரிந்திருக்கும்.

இரண்டு பரிசோதனைகள், இரண்டு நோக்கங்கள்

இங்கே நாம் தெளிவாகப் பிரித்தறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காவலில் உள்ள சிறுவனின் உள்ளத்தை ஆராய்வதில் இரண்டு வகை இருக்கின்றன. மேலே சொன்னது நீதிக்கான மதிப்பீடு. "இவனை எங்கே விசாரிப்பது?" என்பதே அதன் கேள்வி. மற்றொன்று மருத்துவ மதிப்பீடு. "இவனுக்கு என்ன துன்பம்? அதை எப்படித் தீர்ப்பது?" என்பது அதன் கேள்வி. முன்னது கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே உரியது. பின்னதோ, மிதிவண்டி திருடிய 13 வயதுச் சிறுவன் உட்பட, அந்த வாசலில் நுழையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவையானது.

இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் கேடு விளையும். தன்னிடம் அன்பாகப் பேசுகிற உளவியலாளரிடம் மனம் திறந்து சொல்வது நாளை தனக்கு எதிராகத் திரும்புமோ என்று அஞ்சும் பிள்ளை வாய் திறக்க மாட்டான். வாய் திறக்காதவனுக்கு வைத்தியம் செய்வது எங்ஙனம்? ஆகவே, நீதிக்காக ஆராய்பவர் ஒருவராகவும், சிகிச்சை அளிப்பவர் வேறொருவராகவும் இருப்பதே நலம். "நான் இன்னார், இதற்காகப் பேசுகிறேன், நீ சொல்வதில் இன்னின்னவை குழுமத்திற்குப் போகும்" என்று தொடக்கத்திலேயே பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்லிவிடுவதே நேர்மை.

உச்ச நீதிமன்றத்தின் எச்சரிக்கை

நீதிக்கான மதிப்பீடும் எளிதில் முடித்துவிடக் கூடியதன்று. 2017இல் ஹரியானா மாநிலம் குருகிராமில், ஒரு பள்ளிக்கூடத்தில் 7 வயது மாணவன் கொலையுண்டான். முதலில் கைதானவர் பேருந்து நடத்துநர் ஒருவர். பிறகு மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையை ஏற்று, அதே பள்ளியில் படித்த 16 வயது மாணவன் ஒருவனைக் கைது செய்தது. அவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கலாம் என்று குழுமம் முடிவு செய்தது. அந்த முடிவை உயர் நீதிமன்றம் நீக்கி, மதிப்பீட்டைப் புதிதாகச் செய்யப் பணித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

2022 ஜூலை 13 அன்று நீதிபதிகள் தினேஷ் மகேஸ்வரி, விக்ரம் நாத் ஆகியோர், மதிப்பீட்டை மீண்டும் செய்ய வேண்டும் என்பதை உறுதி செய்தனர். அத்தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அறிவுத்திறனை அளந்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் மட்டும் மன முதிர்ச்சியை அளந்ததாகாது. "கத்தியால் குத்தினால் இரத்தம் வரும்" என்பதை அறிவது வேறு. அச்செயல் தன் வாழ்வையும், இறந்தவரின் குடும்பத்தையும், தன் குடும்பத்தையும் பல்லாண்டுகள் எப்படிச் சிதைக்கும் என்பதை உணர்வது வேறு. அடுத்ததாக, குழந்தை உளவியலிலோ குழந்தை மனநல மருத்துவத்திலோ பட்டம் பெற்ற உறுப்பினர் குழுமத்தில் இல்லையென்றால், வல்லுநரின் உதவியைக் கட்டாயம் பெற்றாக வேண்டும். சட்டத்தில் "பெறலாம்" என்றிருந்த சொல்லை "பெற வேண்டும்" என்றே கொள்ள வேண்டும் என நீதிமன்றம் விளக்கியது. இதன் தொடர்ச்சியாக, 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

சோதித்துப் பார்த்தபோது தெரிய வந்தது

நீதிமன்றங்களில் பெரிதாகப் பேசப்படுவது இந்த முதல் வகை மதிப்பீடுதான். இரண்டாவதாகச் சொன்ன மருத்துவ மதிப்பீடோ யாருடைய கண்ணிலும் படாமல் ஒதுங்கி நிற்கிறது. அது எவ்வளவு இன்றியமையாதது என்பதை அறிய, இந்தச் சிந்தனை முதன்முதலில் வேர் விட்ட ஊருக்குப் போக வேண்டும்.

உலகின் முதல் சிறுவர் நீதிமன்றம் 1899இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் அமைந்தது. தம் முன் நிறுத்தப்படும் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் வருவது ஏன் என்று அங்கிருந்த நல்லோர் கவலையுற்றனர். அதன் பயனாக 1909இல் வில்லியம் ஹீலி என்னும் மருத்துவரின் தலைமையில் ஓர் ஆய்வகம் தோன்றியது. ஒவ்வொரு பிள்ளையின் உடல்நலம், குடும்பம், பள்ளி, நட்பு, மனப்போக்கு அனைத்தையும் தனித்தனியே ஆராய்ந்தார் அவர். "குற்றவாளிப் பிள்ளைகள்" என்று ஒரே அச்சில் வார்த்த கூட்டம் எதுவுமில்லை. ஒவ்வொருவனுக்கும் தனிக் காரணங்கள் உண்டு என்பது அவர் கண்ட முடிவு.

அதே நகரின் சிறுவர் தடுப்பு இல்லத்தில், 1995க்கும் 1998க்கும் இடையே லிண்டா டெப்லின் என்னும் அறிஞரின் குழு, 10 முதல் 18 வயது வரையிலான 1,829 பிள்ளைகளை நேரில் கண்டு ஆராய்ந்தது. 2002இல் வெளியான அதன் முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கும், பெண் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கும் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. ஆண், பெண் இரு பாலரிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் போதைப் பொருட்களின் பிடியில் இருந்தனர்.

இதனால் மனநோயாளிகள் எல்லோரும் குற்றவாளிகள் என்று யாரும் பொருள் கொள்ளலாகாது. மனத்துன்பத்தில் உழலும் மக்களில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர்கள். காவலில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளிடையே, சிகிச்சை தேவைப்படுவோர் நிரம்ப இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

எப்படிச் சோதிப்பது?

முதல் நாள், முதல் இரவு மிக முக்கியமானவை. அச்சமும் அவமானமும் சேர்ந்து தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் வேளை அது. போதைக்கு அடிமையான பிள்ளைக்கு அது திடீரென நின்றுபோவதால் நடுக்கமும், தூக்கமின்மையும், வெறியும் வரலாம். விவரம் அறியாத காவலர் இதைத் "திமிர்" என்று எண்ணி அடித்துவிட்டால் கதை வேறாகிவிடும். ஆகவே, இல்லத்தில் சேர்ந்தவுடன் சுருக்கமான முதற் சோதனை வேண்டும். அமெரிக்காவில் தாமஸ் கிரிஸ்ஸோ, ரிச்சர்டு பார்னம் ஆகிய இருவர் இதற்கென 52 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினர். "ஆம்", "இல்லை" என்று பிள்ளையே விடை சொல்லும் வகையில் அது அமைந்துள்ளது. கால் மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். மருத்துவர் அல்லாத ஊழியரே இதை நடத்தலாம். யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும்.

முழுமையான மதிப்பீடு அதற்குப் பிறகு வருவது. அதை ஒரே அமர்வில் முடிக்க இயலாது. பிள்ளையுடன் தனியாக, அவன் தாய்மொழியில், காக்கிச் சீருடை இல்லாத அறையில் பேச வேண்டும். பெற்றோரிடம் தனியே பேச வேண்டும். தலையில் அடிபட்டதுண்டா, வலிப்பு வந்ததுண்டா, எந்த வயதில் பேசத் தொடங்கினான், பள்ளியை எப்போது விட்டான், ஏன் விட்டான், வீட்டிலோ வெளியிலோ யாராவது அவனை அடித்துத் துன்புறுத்தினார்களா, பாலியல் கொடுமைக்கு ஆளானானா என்பவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். நம் நாட்டில் இத்துறையில் முன்னோடியாக விளங்கும் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், இவ்வகையில் அமைந்த மதிப்பீட்டுப் படிவத்தை உருவாக்கி, பயிற்சியும் அளித்து வருகிறது.

"குற்றவாளிக்கு வைத்தியமா?"

சிலருக்குக் கோபம் வரலாம். "பாதிக்கப்பட்ட குடும்பம் கண்ணீர் வடிக்கும்போது, பாதகம் செய்தவனுக்குச் சிகிச்சையா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன் நின்று இதற்கு விடை சொல்வது எளிதன்று. ஆனால், இன்னொரு தாய் அவ்வாறு அழாமலிருக்க வழி என்ன என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனில், 1995இல் மெண்டோட்டா என்னும் சிறுவர் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சிறுவர் சிறைகளால் அடக்க முடியாத மிக முரட்டுப் பிள்ளைகளே அங்கு அனுப்பப்பட்டனர். அவன் முரண்டு பிடிக்க, காவலர் தண்டிக்க, தண்டனையால் அவன் மேலும் முரண்டு பிடிக்க, இப்படிச் சுழலும் சக்கரத்தை நிறுத்துவதே அம்மையத்தின் முதல் வேலை. நாள்தோறும் நடத்தையைக் கவனித்து, ஒழுங்காக இருந்தால் சிறு சிறு சலுகைகள். தவறினாலும் மறுநாள் மறுபடியும் ஒரு வாய்ப்பு. உளவியலாளரின் இடைவிடாத துணை. இதுதான் அவர்களின் முறை.

அங்கு சிகிச்சை பெற்றவர்களையும், அவர்களைப் போன்றே இருந்தும் வழக்கமான சிறுவர் சிறையில் காலம் கழித்தவர்களையும் சில ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இரண்டாம் பிரிவினர் வெளியே வந்தபின் 16 கொலைகளுக்குக் காரணமாகியிருந்தனர். சிகிச்சை பெற்ற பிரிவினரால் ஒரு கொலைகூட நிகழவில்லை. இவ்விரு பிரிவுகளும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும், அந்த 16 உயிர்கள் நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. சிகிச்சை என்பது குற்றம் செய்தவனுக்குக் காட்டும் சலுகையன்று. நாளை அவன் எதிரில் வரப்போகும் மனிதனுக்குத் தரும் பாதுகாப்பு.

காவலே காயமானால்?

எந்தச் சிகிச்சைக்கும் முதல் மருந்து அச்சமற்ற இடம். 2022 டிசம்பர் இறுதியில், செங்கல்பட்டில் உள்ள சிறுவர்களுக்கான அரசு இல்லத்தில், திருட்டுக் குற்றச்சாட்டில் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் சில நாட்களுக்குள் உயிரிழந்தான். அவன் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவாகி, இல்லப் பணியாளர்கள் 6 பேர் கைதாயினர். அதன்பின், 2023இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒருநபர் குழுவை அமைத்து இல்லங்களின் சீர்திருத்தம் பற்றி ஆராயச் செய்தது. கூர்ந்து நோக்குவதற்காகப் பெயர் வைக்கப்பட்ட இடங்களில், பிள்ளையின் முகத்தைக்கூட யாரும் நோக்கவில்லையானால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமா?

பெற்றோர் அறிய வேண்டியவை

இது எங்கோ நடப்பது என்று யாரும் எண்ண வேண்டாம். கூடா நட்பும், மாலை வேளைப் போதை மாத்திரையும் எந்தத் தெருவையும் விட்டு வைப்பதில்லை. அப்படி ஒரு நிலை நம் உற்றார் உறவினர் வீட்டில் நேர்ந்தால் செய்ய வேண்டியவை இவை.

முதலாவது, பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் உடனே எடுத்துச் செல்லுங்கள். வயதை உறுதி செய்ய இவையே முதன்மையான ஆவணங்கள். எலும்புச் சோதனை, இவை இல்லாதபோதுதான்.

இரண்டாவது, நோயை மறைக்காதீர்கள். "வலிப்பு உண்டு என்று சொன்னால் மகளுக்கு மாப்பிள்ளை வராது", "மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால் ஊர் சிரிக்கும்" என்றெல்லாம் எண்ணிப் பழைய மருந்துச் சீட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அந்தச் சீட்டுதான் உங்கள் பிள்ளைக்குச் சாட்சி. நன்னடத்தை அலுவலர் உங்கள் வீட்டுக்கு வந்து குடும்பச் சூழலைப் பற்றி அறிக்கை எழுதுவார். அவரிடமும் உளவியலாளரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிள்ளை உண்டுவரும் மாத்திரை ஏதேனும் இருந்தால், அது ஒரு வேளையும் தடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பணமில்லை என்று தயங்காதீர்கள். பிள்ளைக்கு இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். முதற்கட்ட மதிப்பீட்டில் குழுமம் அளிக்கும் முடிவை எதிர்த்து அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு.

நான்காவது, போய்ப் பாருங்கள். கோபத்தில் "அவன் என் பிள்ளையே இல்லை" என்று கைகழுவி விடாதீர்கள். குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளாத சிகிச்சை பாதி சிகிச்சைதான்.

இன்னும் குற்றம் எதுவும் நிகழாத வீட்டிலும், பிள்ளையின் நடத்தை திடீரென மாறினால், உறக்கம் கெட்டால், காரணமின்றிச் சீறினால் மருத்துவரிடம் காட்டுங்கள். 2022இல் தொடங்கப்பட்ட அரசின் டெலி மனாஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்து ஆலோசனை பெறலாம்.

திரும்பி வரும் பிள்ளை

ஒருநாள் அவன் திரும்பி வருவான். குழுமம் விசாரித்து முடித்த வழக்கு அவனது படிப்புக்கோ வேலைக்கோ தடையாகக் கூடாது என்பது சட்டத்தின் 24ஆம் பிரிவு. அவன் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்பது 74ஆம் பிரிவு. ஆனால், ஊர் வாய்க்கு எந்தப் பிரிவும் பூட்டுப் போட முடியாது. அதைப் பூட்ட வேண்டியவர்கள் நாம்தாம். மஹல்லாவில் ஒரு பட்டறைக்காரரோ கடைக்காரரோ அவனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டால், மருத்துவர் தொடங்கிய சிகிச்சை அங்கே முழுமை பெறும். மாதம் ஒருமுறை அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒரு மாமனோ சிற்றப்பனோ முன்வந்தால், விடுபட்ட பழக்கம் மீண்டும் தொற்றாது.

நாளை நாளிதழில் அந்த ஒற்றை வரியைப் படிக்கும்போது, அடுத்த பக்கத்தைப் புரட்டுமுன் ஒரு கணம் நில்லுங்கள். "இவன் என்ன செய்தான்?" என்பதுடன், "இவனுக்கு என்ன நேர்ந்தது? யாராவது கேட்டார்களா?" என்றும் வினவிப் பாருங்கள். அந்தக் கேள்வியை ஒரு சமுதாயம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால், பதில் சொல்ல வேண்டியவர்கள் என்றேனும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.